ஊசிக்கு அஞ்சுபவர்களுக்கு: ரத்தப் பரிசோதனை முதல் தடுப்பூசி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா, தமக்குச் சர்க்கரை நோய் இருக்குமோ என்ற ஐயம் வந்த பிறகும், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. அறுவடை முடியட்டும், பேத்தியின் காதுகுத்து முடியட்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் போனபோதுதான் அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவர் முகம் வெளிறிப்போயிற்று. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கு வந்து ஊசி போட்டபோது மயங்கி விழுந்ததையும், வகுப்பே சிரித்ததையும் அப்போதுதான் தாழ்ந்த குரலில் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதை எழுதத் தூண்டியது அந்தக் காலைதான்.

ஊசிக்கு அஞ்சுவோர் மிகப் பலர். 2019 ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, குழந்தைகளில் பெரும்பாலோருக்கும், வளரிளம் பருவத்தினரில் 20 முதல் 50 விழுக்காட்டினருக்கும், இளைஞர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கும் இவ்வச்சம் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் அஞ்சுகிற அனைவருக்கும் நாம் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "மூச்சை நன்றாக இழுத்துவிடு, உடம்பைத் தளர்த்திக்கொள்." ஒரு சாராருக்கு இது நல்ல அறிவுரை, மற்றொரு சாராருக்கோ இதுவே மயக்கத்தை விரைவுபடுத்தக்கூடும். ஆகவே, தம்முடைய அச்சம் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும்.

முதற்படி: உங்கள் அச்சம் எவ்வகை?

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: ஊசியைப் பார்த்தபோதோ, குத்தியபோதோ, குத்திய சில நிமிடங்களுக்குள்ளோ எனக்குக் கண் இருண்டிருக்கிறதா, காது அடைத்திருக்கிறதா, குளிர்ந்த வியர்வை வந்திருக்கிறதா, மயங்கி விழுந்திருக்கிறேனா?

ஆம் என்றால், உங்கள் உடலில் நடப்பது மற்ற அச்சங்களில் நடப்பதிலிருந்து வேறுபட்டது. பாம்பைக் கண்டு அஞ்சுபவருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, ஏறிய நிலையிலேயே இருக்கும். அதனால் அவர் ஓடுவாரே தவிர, மயங்கமாட்டார். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுபவர்களில் பலருக்கோ முதலில் அவை ஏறிப் பின்னர் சட்டென்று சரிகின்றன. துடிப்பு தளர்ந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைவதால் ஆள் சாய்கிறார். மனவலிமையால் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் இது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்பு மண்டலத்தின் வேலை. குடும்பத்தில் தொடர்ந்து வரும் தன்மையும் இதற்கு உண்டு. வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அம்மாவுக்கோ மாமாவுக்கோ இதே போன்று நேர்ந்திருப்பது தெரியவரலாம்.

இல்லை என்றால், உங்களுடையது பெரும்பாலும் வலியைப் பற்றிய அச்சமாகவோ, சிறு வயதில் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்ட நினைவிலிருந்து எழும் அச்சமாகவோ இருக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், எழுந்து ஓடிவிடத் தோன்றும். ஆனால் மயக்கம் வராது.

இரண்டாம் படி: வீட்டிலேயே பயிற்சி

மயங்கும் வகையினருக்கு ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1980களில் வகுத்துத் தந்த இறுக்கப் பயிற்சி ஒன்று உண்டு. சரியும் ரத்த அழுத்தத்தைத் தசைகளை இறுக்கி மேலே கொண்டுவருவதே அதன் அடிப்படை. நாற்காலியில் வசதியாக அமர்ந்து, கைகள், வயிறு, தொடைகள், கால்கள் ஆகியவற்றின் தசைகளை ஒருசேர இறுக்குங்கள். 10 முதல் 15 நொடிகளில் முகத்தில் ஒரு வெதுவெதுப்பு ஏறுவதை உணர்வீர்கள். அந்த வெதுவெதுப்புதான் பயிற்சி பலிக்கிறது என்பதன் அடையாளம். பிறகு இறுக்கத்தை விடுங்கள். ஆனால் துவண்டுபோகும் அளவுக்குத் தளர்த்தாமல், இயல்பாக அமர்ந்திருக்கும் நிலைக்கு மட்டும் திரும்புங்கள். 20 முதல் 30 நொடிகள் கழித்து மீண்டும் இறுக்குங்கள். இவ்வாறு ஐந்து முறை செய்வது ஒரு சுற்று. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் சில சுற்றுகள் செய்து பழகினால், அந்த நேரத்தில் யோசிக்காமலே உடல் அதைச் செய்யும். ஊசி ஏறப்போகும் கையை மட்டும் விட்டுவிட்டு மற்ற உறுப்புகளை இறுக்குவதையும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மயக்கம் வராத வகையினருக்கு மூச்சுப் பயிற்சி பொருந்தும். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை வயிறு நிறைய இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவது போதும். இழுப்பதைவிட விடுவது நீண்டிருக்க வேண்டும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

மூன்றாம் படி: எதற்கு அஞ்சுகிறோம் என்று பார்த்துவிடுதல்

நம் ஊரில் ரத்தம் எடுப்பவர் கையைத் தடவிப் பார்த்து "நரம்பு கிடைக்கவில்லை" என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லே பலரை அச்சுறுத்துகிறது. நரம்பில் ஊசி ஏறினால் கை விளங்காமல் போய்விடுமோ என்று உள்ளூர நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நரம்பு என்று சொல்லப்படுவது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரை; உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு வேறு. முழங்கையின் உட்புற மடிப்பில் சிரை தோலுக்கு அருகிலேயே ஓடுவதால்தான் அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஊசியின் பருமனை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். ரத்தம் எடுக்க வழக்கமாகப் பயன்படும் 21 ஆம் எண் ஊசியின் பருமன் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அதன் அடிப்பகுதி பச்சை நிறத்தில் இருக்கும். நீல நிற அடிப்பகுதி கொண்ட 23 ஆம் எண் ஊசி 0.6 மில்லிமீட்டர். இன்சுலின் பேனா ஊசிகளோ கால் மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கின்றன. கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிச் சிரிஞ்சையும் மழுங்கிய ஊசியையும் நினைவில் வைத்து அஞ்சும் முதியவர்களுக்கு, இன்றைய ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுவது, உறையைப் பிரிப்பதை நம் கண்முன்னே பார்க்கலாம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

"நான்கு குழாய் ரத்தம் எடுத்துவிட்டார்கள்" என்ற வருத்தமும் பொதுவானது. ஒரு குழாய்க்கு 2 முதல் 5 மில்லிலிட்டர் வரைதான் பிடிக்கும். நான்கையும் சேர்த்தாலும் பெரும்பாலும் மூன்று நான்கு தேக்கரண்டிக்கு மேல் வராது. வளர்ந்த ஒருவர் உடலில் இருப்பதோ ஏறக்குறைய 5 லிட்டர்.

மருத்துவமனையில் சேர்ந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்பவர்களிடம் ஒரு தவறான எண்ணத்தை அடிக்கடி பார்க்கிறேன். மருந்து ஏற்றுவதற்காகச் சிரையில் பொருத்தி, புறங்கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும் வென்ஃப்ளானுக்குள் ஊசி இருப்பதாக எண்ணிக்கொண்டு, கையை அசைக்காமல், இரவெல்லாம் உறங்காமல் கிடப்பார்கள். உள்ளே இருப்பது வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. வழிகாட்டியாகச் சென்ற ஊசியைக் குழாய் சிரைக்குள் நுழைந்ததுமே உருவி எடுத்துவிடுகிறார்கள். அதைப் பொருத்தும்போதே "ஊசியை எடுத்துவிட்டேன், பாருங்கள்" என்று செவிலியர் ஒருமுறை காட்டிவிட்டால், நோயாளிக்கு அந்த இரவு வேறு மாதிரி கழியும்.

நான்காம் படி: அன்றைய காலை

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பச்சைத் தண்ணீரையும் குடிக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். மருத்துவர் தனியாகத் தடை சொல்லியிருந்தால் தவிர, வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். போதிய நீர் உடலில் இருந்தால் சிரை எளிதில் புடைத்துத் தெரியும், மயக்கமும் குறையும். ரத்த தானத்துக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பட்டினி தேவைப்படாத பரிசோதனை என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள். தேவைப்படும் என்றால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். காத்திருக்கும் ஒவ்வொரு கால்மணி நேரமும் அச்சத்தைக் கூட்டும்.

தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. லிக்னோகெய்ன், பிரைலோகெய்ன் ஆகிய இரண்டும் 2.5 விழுக்காடு வீதம் கலந்தது அது. குத்தப்போகும் இடத்தில் தடிமனாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் உறையால் மூடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் விட்டால்தான் பலன் தரும். தடவிய ஐந்தாம் நிமிடத்தில் குத்திவிட்டு, களிம்பு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தடவவே கூடாது.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சிரிக்காதவராக அவர் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாய்விட்டுச் சொல்லுதல்

இதுவே பலருக்குக் கடினமான படி. நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டுவதற்கு முன்பே, "சிஸ்டர், ஊசி போட்டால் எனக்கு மயக்கம் வரும்; படுத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். மயங்குவோருக்கு இந்த ஒரு வாக்கியம் தரும் பாதுகாப்பை வேறெதுவும் தராது, ஏனெனில் படுத்திருப்பவர் கீழே விழுவதில்லை. கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் மயக்கமும் பெரும்பாலும் வருவதில்லை. ரத்தம் எடுப்பவருக்கும் இது முன்கூட்டியே தெரிவதுதான் நல்லது. உயரமான நாற்காலியிலிருந்து சாயும் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பதைவிடப் படுக்கையைக் காட்டுவது அவருக்கு எளிது.

இன்னும் சிலவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். சென்ற முறை இடது கையில் எளிதாகக் கிடைத்தது என்றால் அதைச் சொல்லுங்கள். சிரை மெல்லியதாக இருப்பவர்கள், இருபுறமும் சிறகு போன்ற பிடி கொண்ட பட்டர்ஃபிளை ஊசி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். குத்துமுன் சொல்லிவிட்டுக் குத்த வேண்டுமா, சொல்லாமல் குத்த வேண்டுமா என்பதையும் நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள். இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை என்றால், அனுபவம் மிக்க வேறொருவரை அழைக்கும்படி கேட்பதில் தவறில்லை. அது யாரையும் குறை சொல்வதாகாது. "இவ்வளவு பெரிய ஆள், இதற்குப் போய்ப் பயப்படுகிறீர்களே" என்று யாரேனும் சொன்னால், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்டதை மீண்டும் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: அந்த ஒரு நிமிடம்

ஸ்பிரிட் தடவிய பஞ்சால் தோலைத் துடைத்த பிறகு, அது முழுதாக உலர அரை நிமிடம் ஆகும். ஈரம் காயும் முன் குத்தினால் ஸ்பிரிட்டும் ஊசியோடு உள்ளே சென்று சுரீரென்று எரியும். ஊசி வலி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி இந்த எரிச்சல்தான். "உலரட்டும் சிஸ்டர்" என்று சொல்லலாம்.

பார்ப்பதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பது அவரவர் இயல்பைப் பொறுத்தது. தெரியாமல் இருப்பதே அச்சம் தருகிறது என்பவர்கள் பார்க்கட்டும். ரத்தத்தைக் கண்டால் மயங்குபவர்கள் பார்க்க வேண்டாம். ஊசி நுழையும் நொடியில் ஒருமுறை இருமுவது சிலருக்கு வலியுணர்வைக் குறைக்கிறது; ஆனால் கை அசையாமல் இரும வேண்டும், இருமப்போவதை முன்பே சொல்லிவிடவும் வேண்டும். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருவதும் கவனத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். தடுப்பூசி என்றால் தோளைத் தொங்கவிட்டுக் கையை மடியில் வையுங்கள். இறுகிய தசையில் ஊசி ஏறினால் வலி கூடும். மயங்கும் வகையினர் இப்போது கால்களையும் வயிற்றையும் இறுக்கத் தொடங்க வேண்டும். ஊசியை எடுத்த பிறகும் ஓரிரு நிமிடங்கள் அதைத் தொடர வேண்டும்.

ஏழாம் படி: எழுந்திருப்பதற்கு முன்

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொள்வது நம் பழக்கம். கையை நீட்டியபடி, விரலால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பதே ரத்தக்கட்டு ஏற்படாமல் காக்கும். மயக்கம் பலருக்கு ஊசி எடுத்த பிறகுதான், எழுந்து நடக்கும்போது வருகிறது. ஆகவே கால்மணி நேரமாவது அமர்ந்திருங்கள், தடுப்பூசி என்றால் அரைமணி நேரம். முன்பு மயங்கியவர்கள் உடனே இருசக்கர வண்டியை எடுக்கக் கூடாது என்பதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு

"சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்" என்று மிரட்டாத வீடு நம்மிடையே குறைவு. சோறு ஊட்டுவதற்காகச் சொன்ன அந்தச் சொல், ஊசியைத் தண்டனையாகக் குழந்தையின் மனதில் பதித்துவிடுகிறது. பிறகு காய்ச்சலோடு மருத்துவமனை வாசலில் அழுது புரளும் குழந்தையை நாமே அடம்பிடிப்பதாகத் திட்டுகிறோம். வேறெதையும் செய்ய இயலாவிட்டாலும், இந்த மிரட்டலை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தவறு, "வலிக்கவே வலிக்காது" என்ற பொய். உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி 2015 இல் வெளியிட்ட அறிக்கை, பொய்யான ஆறுதலைத் தவிர்த்து, "இதோ போடப்போகிறேன்" என்பது போன்ற இயல்பான சொற்களைப் பயன்படுத்தும்படி அறிவுறுத்துகிறது. "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்" என்று சொல்லப்பட்ட குழந்தை அழலாம். ஆனால் அடுத்த முறையும் அம்மாவை நம்பும்.

ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கைக்குழந்தையோடு செல்லும் தாய்மார்கள், ஊசி போடுவதற்குச் சற்று முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, போடும்போதும் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தாயின் அணைப்பும் பாலின் இனிப்பும் உறிஞ்சுவதும் சேர்ந்து வலியைக் குறைக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது நல்லது. மூன்று வயது வரை குழந்தையை மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்டவர்களை நிமிர்ந்து உட்கார வையுங்கள். மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கைகால்களை அமுக்குவது வலியைவிடப் பெரிய அச்சத்தை விதைக்கும். ஊசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுப்பதாலும், குத்திய இடத்தைத் தேய்த்துவிடுவதாலும் வலி குறைவதில்லை.

ஐந்து வயதிலும், பத்து, பதினாறு வயதுகளிலும் போடப்படும் ஊசிகள் தனிக்கவனம் வேண்டுபவை. பள்ளியில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டே நகர்வது அச்சத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்துகிறது. ஊசி போடும் இடத்தை ஒரு திரையால் மறைத்து, மாணவர்களை உட்காரவைத்துப் போட்டு, பிறகும் சற்று நேரம் உட்கார வைத்திருந்தால், என் பெரியப்பாவுக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேராது.

நாள்தோறும் குத்திக்கொள்பவர்களுக்கு

இன்சுலின் போடுபவர்களில் பெரும்பாலோருக்கு 4 மில்லிமீட்டர் நீளமுள்ள பேனா ஊசியே போதும் என்பதை மருத்துவரிடம் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு போட்டால் வலிக்கும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கும்; ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் தோல் தடித்து மருந்தும் சரியாக ஏறாது. வீட்டில் சர்க்கரை பார்க்கும்போது விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில்தான் உணர்ச்சி மிகுதி.

இவ்வளவுக்குப் பின்னும் இயலவில்லை என்றால்

முதலில், அந்த ஊசி தேவைதானா என்று கேளுங்கள். "ஒரு ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்" என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாத்திரையே போதுமான இடத்தில் நோயாளியே வற்புறுத்தி ஊசி போட்டுக்கொள்வதும் நடக்கிறது. "மாத்திரை போதுமா டாக்டர்?" என்ற கேள்வியை யாரும் தயங்காமல் கேட்கலாம்.

தேவைதான், ஆனாலும் பல மாதங்களாகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், அது சிகிச்சைக்குரிய அச்சம். படிப்படியாக நெருங்கிப் பழகும் சிகிச்சை இதற்கு நன்கு பலன் தருகிறது. முதலில் ஊசியின் படம், பிறகு மேசைமேல் மூடியோடு ஒரு சிரிஞ்சு, பிறகு அதைக் கையில் பிடித்திருத்தல், தோலில் ரப்பர் பட்டையைக் கட்டிப் பார்த்தல், இன்னொருவருக்கு ரத்தம் எடுப்பதை அருகிலிருந்து பார்த்தல், கடைசியில் தாமே கையை நீட்டுதல் என்று, ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியும் வரை நின்று அடுத்ததற்குச் செல்வார்கள். உளவியல் நிபுணர் ஒருவரின் துணையோடு, ஒரே அமர்வில், மூன்று மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு இதை முடிக்கும் முறையும் உண்டு. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஒருமுறை நல்லபடியாக முடிந்துவிட்டால், அன்றே ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கை, படுத்தா உட்கார்ந்தா, எந்த ஊசி, எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எது உதவியது. என் பெரியப்பாவின் மருத்துவக் கோப்பில் முதல் தாளாக அப்படி ஒன்று இருக்கிறது. "வலது கை, படுத்தபடி, மகள் பக்கத்தில்" என்று அவர் கையெழுத்திலேயே எழுதி, கீழே அடுத்த பரிசோதனைத் தேதியையும் போட்டிருக்கிறார்.